மூலம் என்று நினைத்த ரத்தம்: குடல் அழற்சி நோய் ஏன் வருகிறது, எப்படிக் காட்டிக்கொள்கிறது

காங்கயம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். தம்பிக்கு 26 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். ஏழு மாதமாக மலத்தில் ரத்தம். மூலம் என்று சொல்லி லேகியம், களிம்பு, துத்திக்கீரை, காரமில்லாச் சாப்பாடு எல்லாம் பார்த்தாயிற்று. எட்டு கிலோ எடை குறைந்த பிறகு கோவையில் கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற பரிசோதனை செய்து, அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா ஹோட்டல் சாப்பாட்டைத் திட்டுகிறார், மாமா சாயத்தண்ணியால்தான் என்கிறார். பெண் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம் வேறு. இது எதனால் வந்தது, தொற்றுமா, கேன்சர் ஆகுமா, எனக்கும் வருமா என்பவை அவருடைய கேள்விகள்.

முதலில் உங்கள் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. இது உங்கள் சமையலால் வந்ததில்லை, தம்பி தின்ற பரோட்டாவாலும் வந்ததில்லை. இருபது முப்பது வயதுப் பிள்ளைக்கு இந்த நோய் என்று தெரிந்ததும் வீட்டில் ஒரு விசாரணை ஆரம்பித்துவிடுகிறது. நேரத்துக்குச் சாப்பிட்டாயா, ராத்திரி கண் முழித்தாயா, கண்டதைத் தின்றாயா என்று கேட்டுக் கேட்டு, ஏற்கெனவே ரத்தம் போய்ச் சோர்ந்து கிடக்கிறவரைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறார்கள். பல வருடமாக இந்த நோயாளிகளைப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த விசாரணையை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

குடல் அழற்சி நோய் என்பது ஒரு குடும்பப் பெயர், ஆங்கிலத்தில் சுருக்கமாக ஐ.பி.டி. அதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று உங்கள் தம்பிக்கு வந்திருக்கிற அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். இது பெருங்குடலோடு நின்றுவிடும். ஆசனவாய்க்கு உள்ளே இருக்கிற மலக்குடலில் ஆரம்பித்து, நடுவில் இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் பரவும். குடலின் உள்தோல் மட்டும் புண்ணாகும். மற்றொன்று க்ரோன் நோய். இது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம், ஆனால் சிறுகுடலும் பெருங்குடலும் சேர்கிற இடம்தான் அதற்குப் பிடித்த இடம். அங்கங்கே விட்டுவிட்டு வரும், குடல் சுவரின் முழுத் தடிமனையும் பாதிக்கும். அதனால்தான் க்ரோனில் குடல் சுருங்கி அடைப்பதும், ஒரு குடலிலிருந்து இன்னொன்றுக்கோ தோலுக்கோ ஓட்டை விழுவதும் நடக்கிறது. 1932-ல் நியூயார்க்கில் பர்ரில் க்ரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் மூவரும் சேர்ந்து இதை விவரித்து எழுதினார்கள், பெயர் க்ரோனுக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். எரிச்சல் குடல் என்கிற ஐ.பி.எஸ். வேறு, ஐ.பி.டி. வேறு. ஐ.பி.எஸ்ஸில் வயிறு வலிக்கும், மலம் ஒழுங்கில்லாமல் போகும், ஆனால் குடலில் புண் இருக்காது, ரத்தம் வராது, தூக்கத்திலிருந்து எழுப்பாது. உங்கள் தம்பிக்கு இருப்பது ஐ.பி.டி. "டென்ஷனைக் குறைச்சா சரியாயிரும்" என்று யாராவது சொன்னால், அவர் ஐ.பி.எஸ்ஸை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்.

சரி, ஏன் வருகிறது? நம் குடலுக்குள் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கின்றன. பெரும்பாலானவை நமக்கு வேலை செய்கிறவை. உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு அவற்றை அடையாளம் தெரியும், சும்மா விட்டுவிடும். தோட்டத்துச் சாளையில் இருக்கிற நாய், பால் கறக்க வருகிறவரையும் பண்ணையத்து ஆட்களையும் பார்த்துக் குரைக்காமல் படுத்திருக்கிற மாதிரி. இந்த நோயில் அந்த அடையாளம் தப்பிப் போகிறது. எதிர்ப்புச் சக்தி குடியிருக்கிற கிருமிகள் மேல் பாய்கிறது, அந்தச் சண்டையில் குடலின் உள்தோல் புண்ணாகிறது. வெளியிலிருந்து வந்த கிருமி என்றால் சண்டை ஒரு வாரத்தில் முடிந்துவிடும். இங்கே எதிராளி உள்ளேயே இருப்பதால் முடிவதே இல்லை, அடங்கி அடங்கிக் கிளம்புகிறது.

அந்த அடையாளம் ஏன் தப்புகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. பிறவியிலேயே வருகிற ஒரு சாய்வு இருக்கிறது. 2001-ல் என்.ஓ.டி.2 என்ற மரபணுவுக்கும் க்ரோன் நோய்க்கும் தொடர்பு கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு இந்த நோய்களோடு சம்பந்தப்பட்ட மரபணு இடங்கள் 200-க்கு மேல் தெரியவந்துவிட்டன. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளுகிறது, தனியாக எதுவும் நோயைக் கொண்டுவருவதில்லை. ஐரோப்பியர்களிடம் முக்கியமாகத் தெரிந்த அந்த என்.ஓ.டி.2 மாற்றங்கள் இந்தியர்களிடம் மிக அரிது, ஆனாலும் நமக்கு க்ரோன் வருகிறது. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் இருந்தாலும், பெரும்பாலும் மற்றவருக்கு வருவதில்லை. ஆக மரபணு மட்டும் போதாது.

மீதி, வாழ்கிற சூழலில் இருக்கிறது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடியேறிய இந்தியக் குடும்பங்களைப் பார்த்தபோது, அங்கேயே பிறந்து வளர்ந்த இரண்டாம் தலைமுறைக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் கூடுதலாக வந்தது தெரிந்தது. ரத்தம் அதே ரத்தம்தான், வளர்ந்த விதம்தான் மாறியது. நம் நாட்டிலும் இது வெள்ளைக்காரர் நோய் என்று சொல்கிற காலம் போய்விட்டது. 2003-ல் வெளியான பஞ்சாப் ஆய்வில், லட்சம் பேரில் சுமார் 44 பேருக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் இருந்தது. குழந்தைப் பருவத்தில் திரும்பத் திரும்பக் கொடுக்கிற ஆன்டிபயாட்டிக், நார்ச்சத்து குறைந்து பாக்கெட்டில் வருகிற பண்டங்கள் கூடிய சாப்பாடு, இவையெல்லாம் குடியிருக்கிற கிருமிக் கூட்டத்தை மாற்றுகின்றன, ஆபத்தையும் கூட்டுகின்றன என்பதற்குச் சான்று சேர்ந்துகொண்டே வருகிறது. கம்பங்கூழும் ராகிக் களியும் கொள்ளும் தின்று வளர்ந்த தலைமுறைக்கும், பிஸ்கட்டும் நூடுல்ஸும் தின்று வளர்கிற தலைமுறைக்கும் குடல் ஒரே மாதிரி இருக்க முடியாது. ஆனால் இது ஊருக்கே பொதுவான ஒரு மாற்றம். "நீ அன்னைக்கு அதைத் தின்றதால்தான்" என்று ஒருவரைப் பார்த்துச் சொல்ல இதில் இடமில்லை.

புகை பிடிப்பது ஒரு விசித்திரமான விஷயம். க்ரோன் நோய் வருகிற வாய்ப்பை அது கூட்டவும் செய்யும், வந்த நோயை மோசமாக்கவும் செய்யும். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் மட்டும், புகை பிடிப்பதை விட்டவர்களுக்குச் சற்று அதிகமாக வருகிறது. இதைக் கேட்டுவிட்டுத் திரும்பவும் பீடி பற்றவைக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். நுரையீரலுக்கும் இதயத்துக்கும் அது செய்கிற கேட்டுக்கு முன் இந்த லாபம் ஒன்றுமே இல்லை.

உங்கள் மாமா சொன்ன சாயத்தண்ணி விஷயத்துக்கு வருகிறேன். நொய்யல் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே தோட்டங்கள் எப்படிப் பாழாயின என்பதும் தெரியும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் சாயக்கழிவுதான் இந்த நோயைக் கொண்டுவருகிறது என்று நிரூபணம் கிடையாது. சாயப்பட்டறையே இல்லாத ஊரிலிருந்தும் இதே நோயோடு வருகிறார்கள்.

கவலையும் மன அழுத்தமும் நோயை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கிற நோயைக் கிளறிவிடலாம், தூக்கம் கெடுவதும் அப்படித்தான். நைட் ஷிப்டைக் கொஞ்ச காலம் மாற்றிக்கொள்ள முடிந்தால் நல்லது.

உங்கள் தம்பியிடம் கட்டாயம் கேட்கவேண்டிய ஒன்று உண்டு. முதுகுவலி, கழுத்துவலிக்கு மாத்திரை போடுகிறாரா? நாள் முழுக்க மெஷினில் குனிந்து உட்கார்கிறவர்கள், அயர்ன் டேபிளில் நிற்கிறவர்கள் மெடிக்கல் ஷாப்பில் பெயர் சொல்லாமல் "வலி மாத்திரை ரெண்டு குடுங்க" என்று வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகையாக இருக்கும். அடங்கியிருக்கிற நோயை இவை கிளப்பிவிடக்கூடும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். அதற்கும் அடங்காவிட்டால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போடட்டும்.

அடுத்து, நோய் எப்படிக் காட்டிக்கொள்கிறது என்பது. நான் அதிகம் வருத்தப்படுகிற இடமும் இதுதான். இந்தப் பக்கம் எந்தப் பேருந்து நிலையத்துச் சுவரைப் பார்த்தாலும் மூலம், பவுத்திரம் என்று பலகை தொங்கும். மலத்தில் ரத்தம் என்றாலே மூலம் என்று முடிவாகிவிடுகிறது. ஒரு தாயார் மகனை அழைத்துவந்து, "ஏனுங்க டாக்டர், சூடுதானுங்களே இது? எளநியும் மோரும் குடுத்துட்டுத்தானுங்க இருக்கறேன்" என்றார். பையனின் கண் இமையை இழுத்துப் பார்த்தேன், வெள்ளை வெளேர் என்றிருந்தது. ஹீமோகுளோபின் 6-க்குக் கீழே போயிருந்தது. அந்தத் தாயார் அக்கறையில்லாதவர் இல்லை, அவருக்குத் தெரிந்த வைத்தியத்தை மனமாரச் செய்திருந்தார். உள்ளே ஒரு முறை பார்க்கவேண்டும் என்று அதுவரை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மூலத்தில் வருகிற ரத்தம் பளிச்சென்ற சிவப்பாக, மலம் போன பிறகு சொட்டுச் சொட்டாகவோ பீய்ச்சியோ வரும். மலத்தோடு கலந்திருக்காது. மலம் கழித்துவிட்டால் அந்த நேரத்துக்கு வேலை முடிந்தது. அல்சரேட்டிவ் கோலைட்டிஸில் ரத்தமும் சீதமும் மலத்தோடு கலந்து வரும். போய்விட்டு வந்தபிறகும் இன்னும் இருக்கிற மாதிரியே கடுக்கும், மறுபடி போய் உட்கார்ந்தால் ஒரு கரண்டி சீதமும் ரத்தமும்தான் வரும். அடக்க முடியாத அவசரம் இருக்கும். பஸ்ஸில் ஏறுவதற்கு முன் கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்கிறவர்கள், கல்யாண வீட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டவர்கள் இருக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுப்பும். தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்றுப்போக்கை ஒருநாளும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதில் ஏமாற்றுகிற ஒரு வகை உண்டு. நோய் மலக்குடலில் மட்டும் இருந்தால் சிலருக்கு வயிற்றுப்போக்கே இருக்காது. மேலே குடலில் மலம் தேங்கி இறுகிவிடும். மலச்சிக்கல், அதோடு ரத்தம். பார்க்கிறவர் யாராக இருந்தாலும் மூலம் என்றுதான் நினைக்கத் தோன்றும். மூலமும் இதுவும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தும் இருக்கலாம். அதனால் ஒரு மாதம் மருந்து சாப்பிட்டும் நிற்காத ரத்தத்துக்கு, வயது எதுவாக இருந்தாலும், சிறு குழாய் விட்டாவது உள்ளே பார்த்துவிடவேண்டும்.

அமீபாவால் வருகிற சீதபேதியும் இதே மாதிரி இருக்கும். மலப் பரிசோதனை செய்யாமல் மெட்ரோனிடசோல் கோர்ஸ் மேல் கோர்ஸாகப் போடுவது இன்னொரு வழக்கம். முதல் கோர்ஸிலேயே அடங்காவிட்டால் வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

க்ரோன் நோய் இன்னும் மறைவாக வரும். அடிவயிற்றின் வலப்பக்கம் சாப்பிட்ட பிறகு முறுக்கிப் பிடிக்கும், வயிறு புரளுகிற சத்தம் கேட்கும், லேசாகக் காய்ச்சல் வரும், உடம்பு இளைக்கும். ரத்தம் கண்ணுக்குத் தெரியாமலே இருக்கலாம். குடல்வால் என்று நினைத்து ஆபரேஷன் டேபிளில் வயிற்றைத் திறந்த பிறகு தெரிந்ததும் உண்டு. பிள்ளைகளுக்கு வந்தால் சில நேரம் வயிற்றில் ஒன்றுமே தெரியாது, உயரம் மட்டும் நின்றுவிடும். ஒன்பதாம் வகுப்புப் பையன் கூடப் படிக்கிறவர்களைவிட ஒரு சாண் குட்டையாக, மீசை அரும்பாமல் இருந்தால், சத்து டானிக் வாங்கும் முன் இதையும் யோசிக்கவேண்டும். அப்புறம் பவுத்திரம், அதாவது ஆசனவாய்ப் பக்கத்தில் சீழ் வடிகிற துளை. ஒரு முறை ஆபரேஷன் செய்து ஆறிப்போனால் சரி. ஆபரேஷன் செய்தும் திரும்பத் திரும்ப வந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இருந்தால், க்ரோன் இருக்கிறதா என்று பார்க்காமல் மறுபடி கத்தி வைக்கக்கூடாது.

க்ரோனைப் பற்றிப் பேசும்போது நம் நாட்டில் காசநோயைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பெருந்துறை சானடோரியம் என்றால் நம் பெரியவர்களுக்கு நெஞ்சு டிபிதான் நினைவுக்கு வரும். குடலிலும் டிபி வரும், அதுவும் க்ரோன் உட்கார்கிற அதே மூலையில். வலி, இளைப்பு, காய்ச்சல், குழாயில் பார்த்தால் புண், சுருக்கம், எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். வயிற்றில் நீர் கோர்த்திருந்தாலோ நெஞ்சு எக்ஸ்ரேயில் தழும்பு இருந்தாலோ டிபி பக்கம் மனம் சாயும். பவுத்திரமும், நீண்ட நாள் ரத்தப் போக்கும், விட்டுவிட்டு வந்த புண்களும் க்ரோன் பக்கம் சாய்க்கும். தசைத்துணுக்குப் பரிசோதனையிலும் பல நேரம் தீர்ப்புக் கிடைக்காது. அப்போது டிபி மருந்தை ஆரம்பித்து, இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பக் குழாய் விட்டுப் புண் ஆறியிருக்கிறதா என்று பார்க்கிறோம். தவறாமல் மருந்து சாப்பிட்டும் புண் ஆறவில்லை என்றால் க்ரோன் என்று நினைக்கவேண்டும், மருந்துக்கு அடங்காத டிபி இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளவேண்டும். தாமதம்தான், ஆனால் டிபி உள்ளவருக்கு க்ரோன் என்று ஸ்டீராய்டு கொடுத்தால் டிபி உடம்பெல்லாம் பரவிவிடக்கூடும். "ரெண்டுல எதுன்னே தெரியாம மருந்து குடுக்கறாங்க" என்று கோபப்பட்டு மருத்துவரை மாற்றுகிறவர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

குடலுக்கு வெளியிலும் இந்த நோய் முகம் காட்டும். முட்டி, கணுக்கால் வீங்கி வலிக்கும். காலையில் எழும்போது இடுப்பு இறுகிப் பிடித்துக்கொண்டு, நடமாடிய பிறகு விடும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் தொட்டால் வலிக்கிற சிவந்த கட்டிகள் வரும். வாய்ப்புண் வரும். கண் சிவந்து வலித்து வெளிச்சம் பார்க்க முடியாமல் போனால் அன்றே கண் மருத்துவரிடம் போகவேண்டும், தாமதித்தால் பார்வைக்கே கேடு. சிலருக்குப் பித்தநாளங்கள் சுருங்கி உடம்பு அரிப்பும் மஞ்சள் காமாலையும் வரும். நோய் வேகமாக இருக்கிற நாட்களில் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையலாம், ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் காத்திருக்காதீர்கள். மூட்டுக்கு ஒரு டாக்டர், கண்ணுக்கு ஒரு டாக்டர் என்று தனித்தனியாகப் போகும்போது ஒவ்வொருவரிடமும் குடல் நோயைச் சொல்லிவிடவேண்டும்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்? 1955-ல் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் வகுத்த அளவுகோலைத்தான் இன்றும் வைத்திருக்கிறோம். ஒரு நாளைக்கு ஆறு முறை அல்லது அதற்கு மேல் ரத்தத்தோடு போய், அதோடு நாடித்துடிப்பு 90-க்கு மேலோ, காய்ச்சல் 37.8 டிகிரி செல்சியஸுக்கு மேலோ, ஹீமோகுளோபின் 10.5-க்குக் கீழோ இருந்தால், ரத்தம் படிகிற வேகமான ஈ.எஸ்.ஆர். 30-க்கு மேல் போயிருந்தால், இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்கிற நிலை இல்லை. அட்மிட் செய்து ஊசி மூலம் மருந்து போடவேண்டும். வயிறு உப்பி இறுகிவிட்டால் இன்னும் ஆபத்து, பெருங்குடல் ஊதி வெடிக்கிற நிலையாக இருக்கலாம். அந்த நேரத்தில் பேதியை நிறுத்துகிற மாத்திரையை வீட்டிலிருந்து எடுத்துப் போடவே கூடாது.

மருந்து விவரத்தை உங்கள் மருத்துவர் சொல்லியிருப்பார், நான் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். மெசலமைன் போன்ற மருந்தை ரத்தம் நின்றதும் நிறுத்திவிடக்கூடாது. நின்ற ரத்தம் மருந்தால் நின்றது. திரும்ப வருகிறவர்களில் நிறையப் பேர் "நல்லாயிருச்சுன்னு விட்டுட்டேனுங்க" என்கிறவர்கள்தான். இரண்டாவது, ஸ்டீராய்டு. அது தீயை அணைக்க மட்டும், குறைத்துக் குறைத்து நிறுத்துவதற்கு. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டு, முகம் உப்பி, சர்க்கரை ஏறி, எலும்பு பலமிழந்து வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. பெயர் ஒட்டாத பொடியையும் அப்படியே வைத்துவிடச் சொல்லுங்கள், அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

சாப்பாட்டில் ஊரே பத்தியம் சொல்லும். ரத்தமும் பேதியும் இருக்கிற நாட்களில் குழைந்த அரிசிம்பருப்பு சாதம், இட்லி, மோர், முட்டை என்று எளிதாகச் செரிப்பதைக் கொடுங்கள். பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் மட்டும் பாலை நிறுத்துங்கள். நோய் அடங்கியபின் வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதை அவரும் சாப்பிடலாம், களியும் சாப்பிடலாம், கறியும் சாப்பிடலாம். ஏற்கெனவே எட்டு கிலோ இளைத்தவரைப் பட்டினி போடாதீர்கள்.

கேன்சர் பற்றிய பயம். நோய் மலக்குடலோடு நின்றிருந்தால் ஆபத்து கூடுவதாகச் சொல்ல முடியாது. பெருங்குடலில் பெரும்பகுதி பாதித்திருந்தால் வருடங்கள் போகப்போக ஆபத்து கூடுகிறது. அதனால் நோய் ஆரம்பித்து எட்டு வருடம் ஆனதும் கொலோனோஸ்கோபி செய்து பார்த்து, பிறகு மருத்துவர் சொல்கிற இடைவெளியில் தொடரவேண்டும். பித்தநாளப் பாதிப்பும் சேர்ந்திருந்தால் அது தெரிந்த நாளிலிருந்தே வருடா வருடம். தம்பிக்குக் குடலில் எவ்வளவு தூரம் பாதித்திருக்கிறது என்பது அந்த முதல் ரிப்போர்ட்டில்தான் இருக்கும், அதைப் பத்திரமாக வையுங்கள்.

இது தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே கக்கூஸைப் பயன்படுத்தினாலும், கல்யாணம் செய்துகொண்டாலும் தொற்றாது. கல்யாணத்தைக் கைவிடவேண்டிய அவசியமில்லை, நோயைக் கட்டுக்குள் கொண்டுவர ஆறு மாதம் எடுத்துக்கொண்டால் போதும். பெண் வீட்டாரிடம் மறைக்காதீர்கள். தினமும் மாத்திரை சாப்பிடுகிற மனிதர் வீட்டுக்குள் ஒளித்து ஒளித்துச் சாப்பிட ஆரம்பித்தால், முதலில் நிற்பது மாத்திரைதான். சல்ஃபாசலசைன் கொடுத்திருந்தால் அது ஆண்களின் விந்தணுவைக் குறைக்கும், மருந்தை மாற்றினால் சில மாதங்களில் சரியாகிவிடும். குழந்தை வேண்டும் என்கிற நேரத்தில் அதை மருத்துவரிடம் சொல்லட்டும்.

உங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உடன்பிறந்தவர்களுக்கு மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம் என்பது உண்மை, ஆனாலும் பெரும்பாலான உடன்பிறந்தவர்களுக்கு வருவதில்லை. ஒரு தொந்தரவும் இல்லாத நிலையில் உங்களுக்குக் கொலோனோஸ்கோபியோ மரபணுப் பரிசோதனையோ தேவையில்லை. மூன்று நான்கு வாரத்துக்கு மேல் பேதியோ, மலத்தில் ரத்தமோ, காரணமில்லாத இளைப்போ வந்தால் மட்டும், "என் தம்பிக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் இருக்கிறது" என்று முதல் வரியிலேயே சொல்லி மருத்துவரைப் பாருங்கள். மலத்தில் கால்ப்ரோடெக்டின் என்ற ஒரு பரிசோதனை உண்டு. குழாய் விடவேண்டுமா வேண்டாமா என்பதை முடிவு செய்ய அது உதவும்.